பொறியாளர்களுக்கு எழுதக் கற்றுத்தரும் கூகுளின் இலவசப் பாடம்: ஒரு மதிப்புரை

கூகுள் நிறுவனம் தன்னுடைய பொறியாளர்களுக்காக உருவாக்கி, 2020ஆம் ஆண்டில் எல்லோரும் படிக்கும்படி இலவசமாகத் திறந்துவிட்ட டெக்னிக்கல் ரைட்டிங் (தொழில்நுட்ப எழுத்து) பாடத்தொகுப்பை, எங்கள் கல்லூரியின் இறுதியாண்டு பொறியியல் மாணவர்களோடு சேர்ந்து படித்தும் பயன்படுத்தியும் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வேலைக்குப் போகவிருக்கும் மாணவர் ஒருவர் தொழில்முறை எழுத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், தயக்கமில்லாமல் இந்தப் பாடத்தைத்தான் சொல்வேன். தனியாக அமர்ந்து படித்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையின்கீழ் சேர்ந்த பொறியியல் மாணவர்கள் முதலாண்டின் இரண்டு பருவங்களிலும் புரொஃபஷனல் இங்கிலீஷ் என்ற தாளைப் படித்தார்கள். கடிதம், அறிக்கை, பரிந்துரை என்று எல்லாம் அதில் இருந்தன. அதன்பின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கை வரும்வரை, பெரும்பாலான மாணவர்களின் எழுத்தை எழுத்தாக யாரும் படிப்பதில்லை. விடைத்தாளில் மதிப்பெண்ணுக்குரிய சொற்கள் இருக்கின்றனவா என்று தேடும் கண்கள்தாம் அதன்மேல் படுகின்றன. ஆனால் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த மாணவர் நாள்தோறும் எழுத வேண்டியவராகிறார். அன்றைய வேலை நிலவரம், மென்பொருளில் கண்ட பிழை பற்றிய குறிப்பு, தான் மாற்றிய நிரலுக்கான விளக்கம், வேறொரு நாட்டில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் என எல்லாமே எழுத்துதான். அந்த வாடிக்கையாளர் இவரை நேரில் பார்க்கப் போவதில்லை. இவர் எப்படிப்பட்ட பொறியாளர் என்பதை அவர் அறிந்துகொள்வது இவர் எழுதிய நாலு வரியைக் கொண்டுதான். எழுத்துத் திறமையை நேர்முகத் தேர்வுக்கான அலங்காரமாக மாணவர்கள் கருதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. அது வேலையின் ஒரு பகுதி, பல நாட்களில் பெரும்பகுதி.

பாடத்தொகுப்பின் அமைப்பு எளிமையானது. டெக்னிக்கல் ரைட்டிங் ஒன் என்பது அடிப்படை. சொல், வாக்கியம், பட்டியல், பத்தி, வாசகர், ஆவணம் என்று சிறியதிலிருந்து பெரியதை நோக்கிப் போகிறது. டெக்னிக்கல் ரைட்டிங் டூ என்பது அடுத்த படி. தன் எழுத்தைத் தானே திருத்துவது, பெரிய ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது, படங்கள், மாதிரி நிரல் ஆகியவை அதில் வருகின்றன. இவை தவிர, பிழைச்செய்திகளை எழுதுவது பற்றியும், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய வகையில் ஆவணங்களை எழுதுவது பற்றியும் தனித்தனிச் சிறு பாடங்கள் உள்ளன. காணொலிகளை நம்பாமல், முழுக்கப் படித்துக் கற்கும் வகையில் அமைந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு விதி, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, உடனே ஒரு பயிற்சி, விடையைத் திறந்து பார்க்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். முதல் பாடத்தை ஒரு விடுமுறை நாளில் நிதானமாகப் படித்து முடித்துவிடலாம்.

இந்தப் பாடத்தின் பெரிய பலம், அது சொல்லும் விதிகள் சரிபார்க்கக் கூடியவை என்பதே. தெளிவாக எழுது, சுருக்கமாக எழுது என்ற அறிவுரையைப் பள்ளி நாளிலிருந்து எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்ட மாணவர் தன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்த்து, இது தெளிவாக இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்ய வழியில்லை. எழுதியவருக்கு எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். கூகுளின் பாடமோ, ஒரு பெயர்ச்சொல்லுக்கும் அதைச் சுட்டும் அது, இது போன்ற சொல்லுக்கும் நடுவில் ஐந்து சொற்களுக்கு மேல் வந்துவிட்டால் பெயரையே மறுபடி எழுதச் சொல்கிறது. ஒரு பத்தியில் மூன்று முதல் ஐந்து வாக்கியங்கள் இருந்தால் வாசகர் விரும்பிப் படிப்பார் என்றும், ஏழு வாக்கியங்களைத் தாண்டினால் தாவிச் சென்றுவிடுவார் என்றும் சொல்கிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து. ஒரு பொருளுக்கு ஆவணம் முழுவதும் ஒரே பெயர். எண்ணிட்ட செயல்முறைப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஏவல் வினையில் தொடங்க வேண்டும். இவற்றை எண்ணிப் பார்த்துச் சரிசெய்துவிடலாம். கணக்கில் தேர்ந்தும் மொழிப் பாடத்தில் ஒதுங்கியே நின்ற மாணவர்களுக்கு இது பெரிய விடுதலையாக இருந்ததை என் கண்ணால் கண்டேன். அவர்கள் பயந்தது எழுத்தைப் பார்த்து அல்ல, அளவுகோல் இல்லாமல் மதிப்பிடப்படுவதைப் பார்த்து.

செய்வினையில் எழுதுவது பற்றிய அத்தியாயத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செய்பவர், செயல், செயப்படுபொருள் என்ற மூன்றையும் ஒரு சமன்பாட்டைப் போல எழுதிக் காட்டி, செய்பவர் மறைந்து போகும் வாக்கியங்களைத் தேடிப் பிடிக்க அது பழக்குகிறது. எங்கள் மாணவர் குழு ஒன்று, மண்ணின் ஈரத்தை அளந்து சொட்டுநீர்ப் பாசன மோட்டாரைத் தானாக இயக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தது. அவர்களுடைய ஆங்கில அறிக்கையில் இருந்த ஒரு வாக்கியத்தின் பொருள் இது: “சோதனையின்போது ஈரப்பத உணரியிலிருந்து பெறப்பட்ட மதிப்புகளில் மாறுபாடு காணப்பட்டதால், தேவையான மாற்றங்கள் செய்யப்பட்டு அது சரிசெய்யப்பட்டது.” நம் கல்லூரி அறிக்கைகளில் பக்கத்துக்குப் பக்கம் காணக்கூடிய வாக்கியம்தான். இலக்கணப் பிழை ஏதுமில்லை. வழிகாட்டியும் தேர்வாளரும் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

இந்த வாக்கியத்தைச் செய்வினைக்கு மாற்றச் சொன்னபோது, எழுதிய மாணவியால் உடனே மாற்ற முடியவில்லை. யார் மாற்றினார்கள், எதை மாற்றினார்கள், என்ன மாறுபாடு என்ற மூன்று கேள்விக்கும் விடை அவரிடம் இல்லை. அந்த வேலையைச் செய்தவர் குழுவில் இருந்த வேறொருவர். அவரிடம் போய்க் கேட்டு வந்து எழுதியது இது: “ஈரமான மண்ணையும் காய்ந்த மண் என்று உணரி காட்டியது. தொடர்ந்து மின்சாரம் பாய்ந்ததால் உணரியின் முனைகள் அரித்துப்போயிருந்தன. நாங்கள் முனைகளை மாற்றினோம். அளக்கும் நேரத்தில் மட்டும் உணரிக்கு மின்சாரம் செல்லும்படி நிரலையும் திருத்தினோம்.” முதல் வடிவத்தில் ஒரு பொறியாளருக்குப் பயன்படும் செய்தி எதுவுமில்லை. இரண்டாம் வடிவத்தைப் படிக்கும் அடுத்த ஆண்டு மாணவர், அதே கருவியைச் செய்யும்போது அதே கோளாறில் போய் விழ மாட்டார். வாக்கியத்தைத் திருத்தப் போனதில், அறிக்கையில் இடம்பெறாமல் போயிருந்த ஓர் உண்மையே வெளியே வந்தது. இந்த ஒரு பயன் போதும், இந்தப் பாடத்தை எல்லாப் பொறியியல் கல்லூரிகளிலும் வைக்க வேண்டும் என்று நான் வாதாட.

வாசகரைப் பற்றிய அத்தியாயமும் அதே அளவு உறுதியானது. வாசகர் தன் வேலையைச் செய்துமுடிக்கத் தேவையான அறிவிலிருந்து, அவரிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ அதுதான் ஆவணத்தில் எழுதப்பட வேண்டியது என்று ஒரு கழித்தல் கணக்காக அதைச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு துறையில் ஆழ்ந்துவிட்டவர், தான் ஒன்றும் தெரியாமல் இருந்த நாளை மறந்துவிடுகிறார் என்பதையும், அதனால் நிபுணர் எழுதும் விளக்கம் பல நேரங்களில் புதியவருக்குப் பயன்படாமல் போகிறது என்பதையும் அழுத்திச் சொல்கிறார்கள். ஆவணத்தின் தொடக்கத்திலேயே அது எதைப் பற்றியது, எதைப் பற்றியதன்று, யாருக்காக எழுதப்பட்டது என்ற மூன்றையும் எழுதிவிட வேண்டும், முக்கியமான முடிவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் தரும் மற்றொரு விதி. மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்துக்கு என்று தொடங்கி, கேட்க வந்ததைக் கடைசிப் பத்தியில் கேட்டுப் பழகிய நமக்கு, இந்த விதி கைவரச் சிறிது காலம் பிடிக்கும். பழகிக்கொள்வது அவசியம். ஒரு நாளைக்கு நூறு மின்னஞ்சல் பார்க்கும் மேலாளர் நம்முடைய கடைசிப் பத்திவரை வருவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் பாடத்தில் எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தில் இல்லை. தன்னெழுத்தைத் திருத்துவது பற்றிய பகுதி நன்று: எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், சற்று நேரம் விட்டுவிட்டு மீண்டும் வாருங்கள், எழுத்துருவை மாற்றியோ தாளில் அச்சிட்டோ பாருங்கள், இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள் என்று அது சொல்லும் யோசனைகள் எந்த மொழியில் எழுதுபவருக்கும் உதவும். படம் வரைவதற்கு முன்பே அதன் விளக்க வரியை எழுதிவிடச் சொல்வதும் அருமையான யோசனை; படம் எதைக் காட்ட வேண்டும் என்ற முடிவு அங்கேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. மாதிரி நிரல் பற்றிய பகுதி நிரலர்களுக்கு மட்டுமே உரியது. இயந்திரவியல், கட்டடவியல் மாணவர்கள் அதை விட்டுவிடலாம்.

தொகுப்பிலேயே மிகச் சிறந்தது எது என்று கேட்டால், பலரும் எட்டிக்கூடப் பார்க்காத பிழைச்செய்திப் பாடத்தைத்தான் சொல்வேன். நம் ஊரில் அரசுத் தேர்வுக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ இணையத்தில் விண்ணப்பித்த எவருக்கும், புகைப்படம் ஏற்றும் இடத்தில் “தவறான கோப்பு” என்று மட்டும் ஒரு செய்தி வந்து, கடைசித் தேதியன்று பிரௌசிங் சென்டரில் தவித்து நின்ற அனுபவம் இருக்கும். என்ன தவறு என்பதையும், என்ன தேவை என்பதையும், எப்படிச் சரிசெய்வது என்பதையும் அந்தச் செய்தி சொல்ல வேண்டும் என்கிறது பாடம். “உங்கள் புகைப்படம் 2 எம்பி அளவில் உள்ளது. 50 கேபிக்குள் இருக்கும் ஜேபிஜி கோப்பை ஏற்றவும்” என்று எழுதியிருந்தால், கிராமத்திலிருந்து பேருந்து ஏறி வந்த ஒரு பிள்ளையின் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். பயனரைக் குற்றம் சாட்டும் தொனி கூடாது, அளவுக்கு மீறி மன்னிப்புக் கேட்பதும் கூடாது, வேடிக்கையாக எழுதவும் கூடாது என்று தொனியைப் பற்றியும் அது பேசுகிறது. ஒரு வரி எழுத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய நேரமும் நிம்மதியும் இருக்கிறது என்பதை மாணவர்களுக்கு உணர்த்த, இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனிக் குறைகள். முதல் இரண்டு பாடங்களும் இரு பகுதிகளாக வடிவமைக்கப்பட்டவை. முதற்பகுதி தனியே படிப்பது. இரண்டாம் பகுதி வகுப்பில் இருவர் இருவராக அமர்ந்து எழுதி, எழுதியதை மாற்றிக்கொண்டு படித்து, கருத்துச் சொல்வது. இணையத்தில் தேடி வரும் பெரும்பாலானோர் முதற்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே உள்ள பயிற்சிகளில் விடையைத் திறந்து பார்த்து, ஆமாம், நானும் இப்படித்தான் நினைத்தேன் என்று சொல்லிக்கொள்வது மிகவும் எளிது. நம் சொந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, “இது எனக்குப் புரியவில்லை” என்று சொல்ல அங்கே யாருமில்லை. நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிப்பதைப் போன்ற நிலை அது. வகுப்பு நடத்துவோருக்கான வழிகாட்டிக் குறிப்புகளையும் வகுப்பில் திரையிடும் ஸ்லைடுகளையும் அவர்களே இலவசமாகத் தந்திருக்கிறார்கள் என்பதால், கல்லூரிகள் இதை வகுப்பாகவே நடத்திவிடலாம். பாட உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியாகியிருப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு நம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் முடியும். நாங்கள் அவர்களுடைய எடுத்துக்காட்டுகளை விட்டுவிட்டு, மாணவர்களின் சொந்த அறிக்கைகளிலிருந்து பத்திகளை எடுத்துப் பயிற்சிகளாக வைத்தோம். பயன் உடனே தெரிந்தது. தன்னுடைய பத்தியைத் தோழன் ஒருவன் தவறாகப் புரிந்துகொண்டதைக் கண்ட மாணவன், அந்த விதியைப் பிறகு மறப்பதில்லை.

இரண்டாவது குறை, மொழி நிலை. இந்தப் பாடம் ஆங்கிலத்தில் ஓரளவு சரளமாக எழுதக்கூடியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இலக்கணப் பகுதி பெயர், வினை, இணைப்புச்சொல் என்று வேகமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து வந்த மாணவருக்கு அது போதாது. அவர்கள் இதைத் தொடங்கும்முன், எளிய ஆங்கில வாக்கியங்களைப் பிழையின்றி எழுதுவதற்கான தனிப் பயிற்சியைப் பெற வேண்டும். அதே சமயம், இப்பாடத்தின் சாரம் ஆங்கில இலக்கணம் அல்ல என்பதை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது, படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விகளுக்கு முதலில் தமிழிலேயே விடை எழுதிவிட்டு, பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதிய மாணவர்களின் அறிக்கைகள், நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கியவர்களின் அறிக்கைகளைவிடத் தெளிவாக இருந்தன. விதிகளை அப்படியே தமிழ் எழுத்துக்குக் கொண்டுவரும்போது மட்டும் கவனம் வேண்டும். வினையெச்சங்களைத் தொடுத்து, வந்து, பார்த்து, எழுதி என்று நீண்டு செல்லும் தமிழ் வாக்கியம் இயல்பானது. காலவரிசை குலையாத வரையில் அது வாசகரைத் தடுக்கி விழவைப்பதில்லை. ஆங்கிலத்துக்கான நீள அளவை அதன்மேல் திணித்தால், தந்தி வாசகம் போன்ற உரைநடைதான் கிடைக்கும்.

மூன்றாவது குறையைக் குறை என்று சொல்வதா, எல்லை என்று சொல்வதா என்று தெரியவில்லை. இது தொழில்நுட்ப ஆவணங்களுக்கான பாடம். மனிதருக்கு மனிதர் எழுதும் கடிதத்தில் தேவைப்படும் பக்குவம் இதில் கிடையாது. விடுப்புக் கேட்பது, தாமதத்துக்கு விளக்கம் சொல்வது, மூத்தவர் ஒருவரின் கருத்தை மறுப்பது, வாடிக்கையாளரின் கோரிக்கையை ஏற்க இயலாது என்று தெரிவிப்பது ஆகியவற்றுக்கு வேறு பயிற்சி வேண்டும். செய்வினை விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட மாணவர் ஒருவர், தன் குழுவின் தாமதத்தை விளக்கும் மின்னஞ்சலில் தோழர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவர் இதைச் செய்யவில்லை, அவர் அதைச் செய்யவில்லை என்று எழுதிவிட்டார். விதிப்படி வாக்கியங்கள் சரி. அனுப்பத் தகாத கடிதம். செயப்பாட்டுவினைக்கும் உரிய இடங்கள் உண்டு என்பதைப் பாடம் ஒப்புக்கொண்டாலும், அந்த இடங்கள் எவை என்று போதிய அளவு காட்டவில்லை. தன்விவரக் குறிப்பு, வேலை விண்ணப்பக் கடிதம் ஆகியவற்றுக்கு, அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் நீண்ட காலமாக இலவசமாக நடத்திவரும் இணைய எழுத்துக்கூடத்தின் பக்கங்களை இதனோடு சேர்த்துப் படிக்கச் சொல்வேன். அங்கே விளக்கங்கள் பொறுமையாகவும் மாதிரிகளோடும் உள்ளன.

சான்றிதழ் கிடைக்குமா என்பது மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி. கிடைக்காது. இதனால் சிலர் ஆர்வம் இழப்பதை நான் அறிவேன். ஆனால் எழுத்துத் திறமைக்கான சான்று எழுத்தாகத்தான் இருக்க முடியும். பாடத்தை முடித்த மாணவர், கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் நிறுவல் குறிப்பில் புதியவர் தடுமாறும் ஒரு படியைத் திருத்தி எழுதி அனுப்பலாம். தன்னுடைய இறுதியாண்டுத் திட்டத்துக்கு, அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஒருவர் படித்தே இயக்கிவிடக்கூடிய ஒரு ரீட்மீ கோப்பை, அதாவது அறிமுக விளக்கக் குறிப்பை எழுதி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைக்கலாம். தன்விவரக் குறிப்பில் அந்த இணைப்பு இருந்தால், நேர்முகத் தேர்வு நடத்துபவர் அதைத் திறந்து பார்த்தே தெரிந்துகொள்வார். ஆவணப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் ஆவலோடு தேடியது அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைத்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் எழுதித் தரும்போது இதைக் கற்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். மேலே சொன்ன உணரி வாக்கியத்தை எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் அது மேலும் பளபளப்பாக்கித் தந்துவிடும். முனைகள் அரித்துப்போன செய்தி அதற்குத் தெரியாது. எது விடுபட்டிருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவருக்கே அந்தக் கருவிகளும் பயன்படும்.

இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. உடன் படிக்க ஒரு தோழரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாடத்தைத் தனித்தனியே படித்துவிட்டு, இருவரும் ஏற்கெனவே எழுதிவைத்த ஏதாவது ஒரு பக்கத்தை மாற்றிக்கொண்டு, ஐந்து சொல் விதியையும் செய்வினை விதியையும் மட்டும் கொண்டு முதலில் திருத்துங்கள். எல்லா விதியையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொண்டால் மலைப்புத்தான் மிஞ்சும். அடுத்து, இரண்டாம் பாடத்துக்குப் போகும் முன்பே, பிழைச்செய்திப் பாடத்தைப் படித்துவிடுங்கள். இரண்டாம் பாடத்தைப் படிக்கும்போது கையில் உண்மையான நீண்ட ஆவணம் ஒன்று இருக்க வேண்டும். புராஜெக்ட் அறிக்கை எழுதும் பருவமே அதற்கு ஏற்ற காலம். பொறியியல் அல்லாத துறையினர் முதல் பாடத்தில் சொல், வாக்கியம், பத்தி, வாசகர் ஆகிய அத்தியாயங்களைப் படித்தால் போதும். எடுத்துக்காட்டுகளில் வரும் கணினிச் சொற்கள் புரியாவிட்டாலும் விதிகள் புரியும்.